அண்ணனிடம் தங்கிவிட்ட வைரஸ் என்னைவிட்டு ஏன் போனது?

கேள்வி: சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 37. அப்பா போன வருடம் கல்லீரல் புற்றுநோயில் இறந்தார். அவர் குடித்ததே இல்லை. ஆனாலும், 'யாருக்கும் தெரியாமல் குடித்திருப்பார்' என்று துக்கத்துக்கு வந்தவர்களே பேசினார்கள். சிகிச்சையின்போதுதான் அவருக்கு ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருப்பது தெரிந்தது. வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். அம்மாவுக்கும், 1984இல் பிறந்த அண்ணனுக்கும் பாசிட்டிவ். எனக்கு நெகட்டிவ். ஆனால், 'முன்னாடி வந்துட்டுப் போன அடையாளம் இருக்கு' என்றார் டாக்டர். ஒரே வீடு, ஒரே தாய், ஒரே சாப்பாடு. அண்ணனிடம் தங்கியது என்னைவிட்டு எப்படிப் போனது? பரம்பரையாக வரும் வேறுபாடுகள் கல்லீரல் புற்றுநோயில் மரபணுக்கள் வேலை செய்யும் அளவை மாற்றுகின்றன என்று படித்தேன். அப்படியென்றால் இந்த நோய் எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா? எச்சிலை அனுப்பினால் 'கல்லீரல் புற்றுநோய் ஜீன்' இருக்கிறதா என்று சொல்கிறோம் என ஒரு விளம்பரம் வந்தது. அண்ணனுக்கும் என் எட்டு வயது மகளுக்கும் எடுக்கலாமா? அம்மா 'நான்தான் புள்ளைக்குக் கொடுத்துட்டேன்' என்று தினமும் அழுகிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பாவைப் பற்றி. துக்க வீட்டில் பேசியவர்களுக்குச் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். கல்லீரல் கெட்டால் குடிதான் காரணம் என்ற எண்ணம் நம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்குச் சாராயத்தின் துணை தேவையே இல்லை. பால்மர் பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர் தைவானில் 22,707 ஆண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார். 1981இல் அவர் குழு வெளியிட்ட கணக்கு இது: வைரஸ் உடம்பில் தங்கியவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்த விகிதம், மற்றவர்களைவிட 223 மடங்கு. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவுகூட இவ்வளவு நெருக்கமானதில்லை. உங்கள் அப்பாவின் நோய்க்கு இந்த வைரஸ் ஒன்றே போதுமான காரணம். இதை உறவினர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

'எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா' என்று கேட்டிருக்கிறீர்கள். என் அறைக்கு வரும் குடும்பங்களில் பாதிப்பேர் கேட்பதும் இதுதான். இதில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. குடும்பத்துக்குள் கைமாறும் வைரஸ் ஒன்று. அப்பா அம்மாவிடமிருந்து கருவிலேயே வந்த டிஎன்ஏ எழுத்து வேறுபாடுகள் இன்னொன்று. பிறந்த பிறகு, வாழும் காலத்தில், கல்லீரலின் ஏதோ ஒரு செல்லில் ஏற்படும் சேதம் மூன்றாவது. இந்த மூன்றாவது பிள்ளைகளுக்குப் போகாது. ஷாங்காய்க்கு வடக்கே, யாங்சி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சீதோங் என்ற வட்டாரம் இருக்கிறது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டுவந்த மக்கள் அவர்கள். அந்தப் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் அங்கே ஒரே உடம்பில் சேர்ந்தன. அவர்களுடைய கல்லீரல் கட்டிகளைச் சோதித்தபோது, டிபி53 என்ற காவல் மரபணுவில், 249ஆவது இடத்தில், ஒரே மாதிரியான சேதம் திரும்பத் திரும்ப இருந்ததை 1991இல் கண்டார்கள். அது கட்டியில் மட்டும் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அதில் பங்கில்லை.

நீங்கள் படித்த செய்தி இரண்டாவது வகையைப் பற்றியது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நீங்கள் கண்மாய்ப் பாசன ஊர்க்காரர் என்பதால் இதை விளக்குவது எனக்குச் சுலபம். மரபணு ஒன்றை ஒரு வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது வயலின் கையில் இல்லை. மடை எங்கே இருக்கிறது, பலகை எவ்வளவு உயரம் தூக்கியிருக்கிறது, தண்ணீர் பாய்ச்சும் ஆளான நீர்க்கட்டி எத்தனை நேரம் அங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது அது. நம் டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்துகள். அவற்றில் புரதத்துக்கான குறிப்பை நேரடியாக எழுதிவைத்திருக்கும் பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியில்தான் மடைகள் எல்லாம் இருக்கின்றன. ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளில், மடை இருக்கும் இடத்தில் எனக்கு ஜி, உங்களுக்கு டி என்று இருந்தால், மடையைத் திறக்க வரும் புரதம் என் டிஎன்ஏவில் இறுக்கமாகப் பிடிக்கலாம், உங்களுடையதில் வழுக்கிப் போகலாம். இருவரிடமும் வயல் ஒன்றேதான், விளைச்சல்தான் வேறு.

பெரிய நோய்களோடு தொடர்புபடுத்தி இதுவரை கண்டுபிடித்த எழுத்து வேறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை வயலில் இல்லை, மடைப் பக்கம்தான் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் முதலில் இதைப் பார்த்துக் குழம்பினார்கள். எந்தப் புரதத்தையும் மாற்றாத ஓர் எழுத்து எப்படி நோயைத் தூண்டும்? அதற்கு விடை தேடப் பிறந்த முறைதான் ஈக்யூடிஎல் என்று சுருக்கமாகச் சொல்லும் ஆய்வு. நூற்றுக்கணக்கான பேரின் கல்லீரல் துணுக்குகளை எடுக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அந்த இடத்தில் என்ன எழுத்து என்று படிக்கிறார்கள். அதே துணுக்கில் பக்கத்து மரபணு எத்தனை ஆர்என்ஏ நகல், அதாவது புரதம் செய்வதற்கான பிரதி, எடுத்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். ஜி எழுத்து இரண்டு உள்ளவர்கள், ஒன்று உள்ளவர்கள், ஒன்றுமே இல்லாதவர்கள் என்று மூன்று வரிசையாக நிறுத்தினால், ஆர்என்ஏ அளவு படிப்படியாக ஏறுகிறதா, இறங்குகிறதா? அப்படி இருந்தால் அந்த எழுத்து அந்த மரபணுவின் மடை. அமெரிக்காவில் 2010இல் தொடங்கிய ஜிடெக்ஸ் என்ற பெருந்திட்டம், இறந்தவர்கள் கொடையாகத் தந்த உறுப்புகளில் கல்லீரல் உட்படப் பல திசுக்களுக்கு இப்படி மடை வரைபடம் தயாரித்துக் கொடுத்திருக்கிறது.

சரி, உங்கள் அண்ணனுக்கு வருவோம்.

வைரஸ் தங்குமா, போகுமா என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம் வயதுக்குத்தான். பிறக்கும்போது தாயிடமிருந்து வாங்கிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினரிடம் அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடுகிறது. வளர்ந்தபின் வாங்கியவர்களில் அப்படித் தங்குவது 5 சதவீதத்துக்கும் குறைவு. அண்ணன் பிறப்பின்போது வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் அந்த நேரத்தில் தப்பித்து, கொஞ்சம் வளர்ந்த பிறகு வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒரு விதத்தில் ரத்தம் பட்டு வாங்கி, உடம்பே துரத்தியிருக்கலாம். இருவர் பிறப்புக்கும் இடையில் அம்மாவின் ரத்தத்திலிருந்த வைரஸ் அளவு குறைந்திருக்கவும் கூடும்.

அதற்கு அடுத்தபடியாகத்தான் பரம்பரை எழுத்துகள் வருகின்றன. ஹெச்எல்ஏ என்ற மரபணுக் கூட்டம் ஒன்று 6ஆவது குரோமோசோமில் இருக்கிறது. செல்லுக்குள் புகுந்த வைரஸின் துண்டுகளைத் தாம்பாளத்தில் வைத்து, 'இதோ பார், இவன்தான் வந்திருக்கிறான்' என்று வெள்ளையணுக்களுக்குக் காட்டும் வேலை அவற்றுடையது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் கூட்டத்தில் ஹெச்எல்ஏ-டிபி என்ற பகுதியின் இரண்டு மரபணுக்களுக்கு அருகே உள்ள எழுத்துகள், வைரஸ் தங்குவதோடு வலுவாகத் தொடர்புடையவை என்று கண்டார்கள். இரண்டு வருடம் கழித்து, நோயில்லாத கல்லீரல் திசுவில் அளந்தபோது, வைரஸ் தங்குவதோடு தொடர்புள்ள எழுத்து உள்ளவர்களிடம் அந்த இரண்டு மரபணுக்களும் குறைவாக ஆர்என்ஏ எடுத்திருந்தன. தாம்பாளம் குறைந்தால் காட்டிக்கொடுப்பதும் குறையும் என்று எளிதாகப் புரிகிறது அல்லவா? ஆனால் ரத்த அணுக்களில், வேறு இன மக்களிடம், வேறு முறையில் அளந்து பார்த்தபோது விஷயம் இவ்வளவு நேராக அமையவில்லை. மடை ஒவ்வொரு திசுவிலும் ஒவ்வொரு மாதிரி திறக்கிறது. கல்லீரல் நோயைப் புரிந்துகொள்ள ரத்தத்தை மட்டும் அளந்தால் போதாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நீங்களும் அண்ணனும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்றாலும், இந்தப் பகுதியில் நீங்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டிய அவசியமில்லை. அப்பாவிடமிருந்து இரண்டில் ஒன்று, அம்மாவிடமிருந்து இரண்டில் ஒன்று என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வருகிறது. உடன்பிறந்த இருவருக்கு ஹெச்எல்ஏ பகுதி முழுக்க ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பு. ஒன்றுகூட ஒத்துப்போகாமல் இருக்கவும் நான்கில் ஒரு வாய்ப்பு. எலும்பு மஜ்ஜை தானத்துக்கு அண்ணன் தம்பி இருந்தும் சில பேருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். உங்கள் உடம்பு வைரஸைக் காட்டிக்கொடுத்த தாம்பாளம் அண்ணனிடம் வேறாக இருந்திருக்கலாம். இது யாருடைய பலவீனமும் அல்ல.

அடுத்தது, தங்கிய வைரஸ் ஏன் சிலரிடம் மட்டும் புற்றுநோய் வரை போகிறது? இங்கே எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஸ்டாட்4 என்ற மரபணு. வைரஸையும் கட்டியையும் தாக்கச் சொல்லி வரும் கட்டளையை வெள்ளையணுவுக்குள் கடத்தி, காமா இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கவைப்பது இதன் வேலை. 2013இல் சீன ஆய்வாளர்கள், ஹெபடைட்டிஸ் பி தங்கியவர்களிலேயே புற்றுநோய் வந்த 5,480 பேரையும் வராத 6,319 பேரையும் ஒப்பிட்டார்கள். வந்தவர்கள், வராதவர்கள் இருதரப்பிலும் வைரஸ் உண்டு என்பதைக் கவனியுங்கள். அந்த ஒப்பீட்டின் நேர்த்தியே அதுதான். ஸ்டாட்4 மரபணுவுக்குள்ளேயே, புரதக் குறிப்பில் சேராத ஓர் இடத்தில், ஜி எழுத்து உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். கல்லீரல் திசுவை அளந்தால், ஜி எழுத்துக்காரர்களிடம் ஸ்டாட்4 ஆர்என்ஏ குறைவாக இருந்தது. கட்டியிலும் அப்படி, கட்டியை ஒட்டிய மற்ற திசுவிலும் அப்படி. மடைப்பலகை அரை விரல் இறங்கியிருந்தது என்று சொல்லலாம்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. அதே இடத்தில் டி எழுத்து இருந்தால், முடக்குவாதமும் லூபஸும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2007இலேயே கண்டிருந்தார்கள். எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்கள் அவை. ஓர் எழுத்து வைரஸ் புற்றுநோய்ப் பக்கம் சாய்க்கிறது என்றால், மற்றது மூட்டுவலிப் பக்கம் சாய்க்கிறது. இதில் எதை 'கெட்ட ஜீன்' என்று எழுதித் தருவது? இன்னொன்றும் சொல்கிறேன்: உலகில் பெரும்பாலான மனிதர்களிடம் இருப்பதே அந்த ஜி எழுத்துதான். உங்களிடமும் என்னிடமும் குறைந்தது ஒரு பிரதியாவது இருக்கும் என்றே நினைக்கிறேன்.

எழுத்தின் குணம் எந்த வைரஸ் வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. மைக்கா என்ற மரபணு, நெருக்கடியில் இருக்கும் செல் தன் மேல் ஏற்றும் ஆபத்துக் கொடி. கொல்லும் அணுக்கள் அந்தக் கொடியைப் பார்த்து வரும். சில நேரம் கொடி கழன்று ரத்தத்தில் மிதக்கும்போது, வந்த அணுக்களைத் திசைதிருப்பியும் விடும். ஜப்பானில் ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளிடம் மைக்காவுக்கு முன்னால் உள்ள ஓர் இடத்தில் ஏ எழுத்து ஆபத்து, அவர்கள் ரத்தத்தில் மிதக்கும் கொடி குறைவு. ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளிடம் அதே இடத்தில் ஜி எழுத்து ஆபத்து, மிதக்கும் கொடி அதிகம். அதே இடம், அதே மரபணு, வைரஸ் மாறியதும் திசை தலைகீழ். வைரஸின் பெயரைக் கேட்காமல் எச்சிலை மட்டும் வாங்கிக்கொண்டு ஆபத்து சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை வராமல் போனதற்கு இது ஒரு காரணம்.

இனி கட்டிக்குள் என்ன நடக்கிறது என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பரம்பரை எழுத்தின் செல்வாக்கு நல்ல கல்லீரலில் தெளிவாகத் தெரியும். கட்டி வளர வளர அது மங்கும், சிலது புதிதாக முளைக்கும். கல்லீரல் புற்றுநோய்ச் செல்களில் 1ஆவது, 8ஆவது குரோமோசோம்களின் நீண்ட கைகள் கூடுதல் பிரதிகளாகப் பெருகியிருக்கும். 17ஆவதின் குட்டைக் கையும் 4ஆவதின் நீண்ட கையும் பல கட்டிகளில் தொலைந்திருக்கும். வயல் இரண்டுக்கு நான்காகவோ, ஒன்றாகவோ ஆனபிறகு மடைப்பலகையின் அரை விரல் வித்தியாசத்தை எப்படி அளப்பது? அதனால்தான் கவனமான ஆய்வுகள் அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டியையும் அதை ஒட்டிய திசுவையும் ஜோடியாக வைத்துப் பார்க்கின்றன. ஹெபடைட்டிஸ் பி இன்னும் ஒருபடி மேலே போகிறது. இதன் டிஎன்ஏ மொத்தமே சுமார் 3,200 எழுத்துதான். அதன் துண்டுகள் நம் குரோமோசோமுக்குள்ளேயே செருகிக்கொள்கின்றன. டெர்ட் என்ற மரபணுவுக்கு அருகே இப்படிச் செருகியிருப்பது பல நோயாளிகளின் கட்டிகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. செல்லைச் சாகாமல் பெருகவைக்கும் மரபணு அது, வளர்ந்த கல்லீரல் செல்லில் மூடிக் கிடக்க வேண்டியது. வைரஸ் அங்கே போய்ச் செருகினால் மடையைத் திறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, கரையே உடைந்த மாதிரி. அந்த வெள்ளத்துக்கு முன்னால் பிறப்பில் வந்த எழுத்து சின்ன விஷயம்.

இப்போது விளம்பரம். வேண்டாம், சகோதரி. அண்ணனுக்கும் வேண்டாம், குழந்தைக்கு நிச்சயமாக வேண்டாம்.

காரணங்களில் பாதியை மேலேயே சொல்லிவிட்டேன். மீதியையும் சொல்கிறேன். ஸ்டாட்4 ஆபத்தின் அளவு என்ன தெரியுமா? ஜி எழுத்துப் பிரதி ஒன்றுக்குச் சுமார் 1.21 மடங்கு. ஹெச்எல்ஏ-டிக்யூ பக்கத்தில் அதே ஆய்வு கண்ட இன்னொன்று 1.49. பதினோராயிரம் பேரை ஒப்பிடும்போது இந்தச் சின்ன வித்தியாசம் தெளிவாகத் தெரியும், நோய் நடக்கும் வழியைக் காட்டும், புது மருந்துக்கு இடம் காட்டும். உங்கள் அண்ணன் என்ற ஒரு தனி மனிதருக்கு அது சொல்வது ஒன்றுமில்லை. அப்புறம், ஓர் இன மக்களிடம் கண்டது இன்னோர் இனத்தில் நிற்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2010இல் சீனாவில் கிஃப்1பி என்ற மரபணுவில் ஒரு வேறுபாட்டைப் பெரிதாக அறிவித்தார்கள். ஜப்பானியர்கள், கொரியர்கள், ஹாங்காங் சீனர்கள் ஆகியோரிடம் சரிபார்த்தபோது அது தேறவில்லை. பக்கத்து நாட்டுக்காரர்களிடமே தேறாததைச் சிவகங்கைக்காரரிடம் வைத்து ஆபத்து சொல்லலாமா?

இதற்குப் பதிலாக அண்ணனிடம் அளக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு. தைவானில் ஹெபடைட்டிஸ் பி தங்கிய 3,653 பேரைப் பதினோரு வருடத்துக்கும் மேல் கவனித்து, 2006இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் ரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்திருந்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் வந்தது. ஒரு மில்லி லிட்டருக்குப் பத்து லட்சம் பிரதிகளும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 14.9 சதவீதத்தினருக்கு. 1.21 மடங்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தை மாற்ற நம்மிடம் வழியில்லை. வைரஸ் அளவை டெனோஃபோவிர், என்டகாவிர் என்ற தினசரி மாத்திரைகளில் ஒன்றால் பெரும்பாலோருக்கு அடக்கிவிடலாம். பழைய, வலுக்குறைந்த லாமிவுடின் மாத்திரையை வைத்தே, கல்லீரல் வெகுவாக இறுகியிருந்த 651 பேரிடம் நடத்திய சோதனையில் புற்றுநோய் 7.4 சதவீதத்திலிருந்து 3.9 ஆகக் குறைந்ததை 2004இல் பார்த்தோம்.

எல்லா பாசிட்டிவ் நோயாளிக்கும் உடனே மாத்திரை என்பதில்லை. வைரல் லோடு, கல்லீரல் சேதத்தைக் காட்டும் ஏஎல்டி என்சைம், கல்லீரல் இறுகியிருக்கும் அளவைச் சொல்லும் ஃபைப்ரோஸ்கேன், வயது, குடும்பத்தில் புற்றுநோய் இருந்ததா என்பதையெல்லாம் சேர்த்துக் கல்லீரல் மருத்துவர் முடிவெடுப்பார். அப்பாவுக்கு வந்ததை அண்ணன் மறக்காமல் சொல்ல வேண்டும், அது முடிவை மாற்றக்கூடிய தகவல். மாத்திரை தொடங்கினால், 'நார்மல் ஆயிடுச்சு' என்று தானாக நிறுத்தக்கூடாது. வைரஸ் சீறி எழுந்து கல்லீரலைக் கவிழ்த்துவிடும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தின்கீழ், அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அண்ணனுக்கு வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், கூடவே கல்லீரல் புற்றுநோயின் அறிகுறியைத் தேடும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை. ஷாங்காயில் 18,816 பேரை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்தார்கள். அந்த அணியில் கல்லீரல் புற்றுநோய் மரணம் 37 சதவீதம் குறைந்தது. சின்னதாக இருக்கும்போது கட்டியை வெட்டி எடுக்கலாம், சூடு வைத்துப் பொசுக்கலாம். அப்பாவுக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்காது என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. அண்ணனுக்குக் கிடைக்க வேண்டும்.

யாராவது கீழாநெல்லி சொல்லுவார்கள். சொல்வதில் தப்பில்லை, அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் வைரஸ் மறைந்தது என்று புகழ்பெற்ற லான்செட் இதழில் எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க். உலகமே திரும்பிப் பார்த்தது. மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. கிஃப்1பி கதைதான் இங்கேயும். முதல் அறிவிப்பு எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும், இரண்டாவது, மூன்றாவது கை சரிபார்க்கும்வரை அதை மருந்தாக எடுத்துக்கொள்ள முடியாது.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. வைரஸ் உங்களைவிட்டுப் போனது உண்மை, ஆனால் அதன் விதை மாதிரி ஒரு வட்ட டிஎன்ஏ கல்லீரல் செல்களுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். சாதாரண வாழ்க்கையில் அது எழுவதில்லை. பின்னாளில் எதற்காவது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தோ கீமோதெரபியோ கொடுக்க நேர்ந்தால் எழலாம். ஸ்டீராய்டை அதிக அளவில் நெடுநாள் எடுத்தாலும், ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி போட்டாலும் இந்தப் பயம் உண்டு. 'எனக்கு ஹெபடைட்டிஸ் பி வந்து போயிருக்கிறது' என்று அந்த மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 2011 முதல் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி உண்டு, போட்டிருப்பார்கள். விட்டுப்போயிருந்தால் இப்போது முடித்துவிடலாம். அவள் தாய் நீங்கள் நெகட்டிவ், அதனால் உங்களிடமிருந்து அவளுக்கு வரவில்லை. வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ்ஏஜி பரிசோதனை ஒருமுறை போதும். அண்ணிக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் இந்த வாரமே பரிசோதனை, நெகட்டிவ் என்றால் ஊசி. இதற்கு ஆகும் செலவு அந்த எச்சில் பரிசோதனைக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். தட்டு, டம்ளர், பாய், படுக்கை எதையும் பிரிக்காதீர்கள். சேர்ந்து சாப்பிடுவதால் இது வராது. ரேஸர், பல்துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் அவரவருக்குத் தனி.

அம்மாவுக்கு நான் சொல்வதை நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, உங்கள் மகன் பிறந்த 1984ஆம் வருடம் ஜூலை மாதத்தில்தான் தைவான் அரசு, வைரஸ் உள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. நாடு தழுவிய அளவில் அப்படிச் செய்த முதல் இடம் அதுதான். அங்கே ஆறிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் அடுத்த பத்து வருடத்தில் லட்சத்துக்கு 0.70 என்பதிலிருந்து 0.36 ஆகக் குறைந்தது. உங்கள் ஊர் மருத்துவமனையில் அன்றைக்கு அந்த ஊசி இல்லை. உங்களுக்கு வைரஸ் இருக்கிறது என்று சொல்ல ஆளும் இல்லை. உங்களுக்கே அது உங்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், அவருக்கும் தெரிந்திருக்காது. இன்றைக்கு ஒரு கர்ப்பிணி பாசிட்டிவ் என்று தெரிந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும், இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரதமும் கொடுக்கிறோம், தேவைப்பட்டால் தாய்க்குக் கடைசி மூன்று மாதம் மாத்திரையும் கொடுக்கிறோம். அன்று உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்காக நீங்கள் அழ வேண்டாம்.

சகோதரி, அம்மாவும் பாசிட்டிவ் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணனைப் பற்றிய கவலையில் அவரை யாரும் மேற்கொண்டு பரிசோதனைக்கு அழைத்துப் போனதாகக் கடிதத்தில் இல்லை. அவருக்கும் வைரல் லோடு பார்க்க வேண்டும், அவருக்கும் ஆறு மாத ஸ்கேன் உண்டு. இருவருக்கும் ஒரே நாளில், காலையில் நேரம் வாங்குங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும், ஸ்கேன் முடிந்ததும் சாப்பிட ஏதாவது கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.